எட்டாத போல்ட்டும் ஆலன் கீயும்

வீட்டில் ஏதாவது ஓர் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். தீர்ந்துபோன பேட்டரிகள், ரப்பர் வளையங்கள், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவிகள் ஆகியவற்றுக்கு நடுவே, எல் வடிவில் வளைந்த ஓர் இரும்புக் குச்சி கிடக்கும். கட்டிலோ அலமாரியோ வாங்கியபோது பெட்டிக்குள் சேர்ந்து வந்திருக்கும். அதுதான் ஆலன் கீ. அந்தக் கட்டிலைப் பூட்ட அது போதும். அதே குச்சியை எடுத்துக்கொண்டு சைக்கிள் பிரேக்கின் பக்கம் போகும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

நான் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இயந்திரத் தொழில்நுட்பம் படித்து, பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்தவன். வார நாள்களில் துவாசில் உள்ள ஓர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சைக்கிள்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பேன். இரண்டு இடத்திலும் என் கை அதிகம் தேடும் கருவி ஆலன் கீ. இரண்டு இடத்திலும் நான் அதிகம் பார்க்கும் கோளாறும் ஒன்றுதான்: குழி தேய்ந்துபோன போல்ட்.

அப்படித் தேய்ந்தவற்றில் பல, மிக இறுக்கமாக இருந்ததால் கெட்டவை அல்ல. கை சரியாக எட்டாத இடத்தில் இருந்ததால் கெட்டவை. எட்டவில்லை என்றதும் கீயைச் சாய்த்துச் செருகுகிறோம். பாதி ஆழம் இறங்கியதுமே திருப்புகிறோம். சரியான அளவு கையில் இல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுக்கிறோம். ஆறு மூலைகளும் மழுங்கி, அறுகோணம் வட்டமாகிவிடுகிறது. அதன்பிறகு எந்தக் கீயும் அதைப் பிடிக்காது. சில காசு பெறும் ஒரு போல்ட்டுக்காக அது பிடித்திருக்கும் பாகத்தையே துளைபோட்டு எடுக்க வேண்டிய நிலை வரும்.

தலையை மறைக்க வந்த குழி

இந்த போல்ட் எதற்காக இப்படி எட்டாத இடங்களிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது? அதற்குச் சின்னதாக ஒரு வரலாறு உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஆலைகளில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழன்றுகொண்டிருக்கும். அதில் கோத்த கப்பிகளிலிருந்து வார்ப்பட்டைகள் கீழே இறங்கி இயந்திரங்களை ஓட்டும். கப்பி தண்டில் வழுக்காமல் இருக்க ஒரு திருகாணியை முடுக்கி நிறுத்தியிருப்பார்கள். அதன் சதுரத் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சுழலும் தண்டில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் கொக்கிதான். சட்டைக் கை அதில் மாட்டினால் ஆளையே சுருட்டி இழுத்துவிடும். தலையே வெளியில் தெரியாத திருகாணி வேண்டும் என்ற தேவை அங்கேதான் பிறந்தது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரைச் சேர்ந்த வில்லியம் ஆலன், திருகாணியில் அறுகோணக் குழியை அழுத்தி உருவாக்கும் முறைக்கு 1910ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர் பெயர்தான் இன்றைக்கும் நம் வாயில் இருக்கிறது. ஜெர்மானியர்களிடம் போய் ஆலன் கீ கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது இன்பஸ். இத்தாலியர்களுக்கு ப்ருகோலா.

பாதுகாப்புக்காக உள்ளே போன அறுகோணத்தில் வடிவமைப்பாளர்கள் இன்னொரு நன்மையைக் கண்டார்கள். வெளியே அறுகோணத் தலை உள்ள போல்ட்டை ஸ்பேனரால் திருப்ப வேண்டுமானால் தலையைச் சுற்றி இடம் வேண்டும். ஆலன் போல்ட்டுக்குத் தலைக்கு மேலே இடம் இருந்தால் போதும். ஆகவே குழாய்களுக்கு இடையிலும் பள்ளத்துக்குள்ளும் சுவரை ஒட்டியும் அதைப் புதைக்க முடிகிறது. ஒடுக்கமான இடத்தில் வைக்க முடியும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அந்த ஒடுக்கத்துக்குள் கையை விட வேண்டியவர்கள் நாம்தான்.

எது எட்டவில்லை?

“எட்டவில்லை” என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. நான் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்வேன். கீ குழிக்குள் நேராக, அடிவரை இறங்குமா? இறங்கிய பின் அதைத் திருப்ப இடம் இருக்குமா? எந்தக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் வருகிறதோ அதைப் பொறுத்துக் கருவி மாறும்.

முதல் கேள்வி ஆழத்தையும் உயரத்தையும் பற்றியது. பழைய சைக்கிள்களில் கைப்பிடித் தண்டின் போல்ட் குழாய்க்குள் ஆழத்தில் இருக்கும். அதற்கு நீண்ட கை உள்ள கீயோ டி வடிவக் கைப்பிடி உள்ள கீயோ வேண்டும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. போல்ட்டின் தலைக்கு மேலே ஒரு குழாயோ தகடோ குறுக்கே நிற்கும். கீயின் குட்டைக் கைகூட நுழையாது. 5 மில்லிமீட்டர் கீயின் குட்டைக் கை கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் நீளம். அவ்வளவு உயரம் இல்லாத இடத்துக்கென்று குட்டைக் கையை இன்னும் குறைத்த கீகள் விற்கிறார்கள். எங்கள் ஆலையில் மலிவான கீயொன்றை வாங்கி நாங்களே வெட்டிக்கொள்வோம். சாதாரண ரம்பம் அதில் ஏறாது, எஃகு அவ்வளவு கடினம். கிரைண்டரில்தான் வெட்ட வேண்டும். வெட்டும்போது அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். முனை சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகு மென்மையாகிவிடும். உங்கள் பள்ளிப் பட்டறையில் செய்வதானால் கண்ணாடி அணிந்து, ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வடிவியல் பதில் சொல்கிறது. அறுகோணத்தை 60 பாகை திருப்பினால் அது மறுபடி அதே தோற்றத்துக்கு வரும். அதாவது கீயை ஒரு முறை 60 பாகை திருப்ப முடிந்தால், எடுத்து மறுபடி செருகி அடுத்த 60 பாகையைத் திருப்பலாம். அலுப்பான வேலை, ஆனால் முடியும். 40 பாகைதான் இடம் இருக்கிறது என்றால் எல் வடிவக் கீ அங்கே கைவிட்டுவிடும். அந்த இடத்தில் ராட்செட் வேண்டும். 72 பற்கள் உள்ள ராட்செட் ஒவ்வொரு 5 பாகைக்கும் ஒரு பல்லைப் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான ராட்செட்டில் அறுகோண பிட் ஒன்றை மாட்டிக்கொண்டால், விரல் நுழையும் இடத்தில் எல்லாம் வேலை செய்யலாம்.

இடம் குறைவு என்பதற்காகக் கீயைத் திருப்பிப் போட்டு, நீண்ட கையைக் குழிக்குள் விட்டு, குட்டைக் கையைப் பிடித்துத் திருகுவோர் பலர். அப்படிச் செய்யலாம்; ஆனால் கணக்கை நினைவில் வைத்திருங்கள். 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டர் நீளக் கையைப் பிடித்துத் திருகினால் 75 நியூட்டன் போதும். ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடையைத் தூக்கும் பலம். 2.8 சென்டிமீட்டர் குட்டைக் கையைப் பிடித்தால் 214 நியூட்டன் வேண்டும். இரண்டு விரல்களால் 21 கிலோ! இயற்பியல் பாடத்தில் விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போயிருப்பீர்கள். அந்தப் பெருக்கல் இங்கே விரலில் வலிக்கும்.

உருண்டை முனை எதற்கு

பல கீகளின் நீண்ட கை முனை உருண்டையாக, கழுத்து ஒடுங்கி இருக்கும். பால் எண்ட் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பாண்டஸ் நிறுவனம் 1964ல் கொண்டுவந்த யோசனை இது. கீயை நேராகப் பிடிக்காமல் 25 பாகைவரை சாய்த்துப் பிடித்தாலும் போல்ட் சுழலும். குறுக்கே நிற்கும் குழாயைச் சுற்றிக்கொண்டு சாய்வாக நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் இதைத்தான் ஆட்கள் அதிகம் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். நேரான முனை, குழியின் பக்கங்களை அதன் ஆழம் முழுவதும் அணைத்துப் பிடிக்கும். உருண்டை முனை சில புள்ளிகளில்தான் தொடும். அந்தச் சிறு இடத்தில் முழு விசையும் விழும்போது குழி நசுங்கும், அல்லது ஒடுங்கிய கழுத்து முறிந்து உருண்டை குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உருண்டை முனை ஓட்டத்துக்கு மட்டும். முதலில் தளர்த்துவதும் கடைசியில் இறுக்குவதும் நேர் முனையின் வேலை.

தாத்தாவின் பெட்டி

சில மாதங்களுக்கு முன் உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். “அண்ணா, பின் பிரேக் பிடிச்சா டக்குனு ஒரு சத்தம் வருது. நானே டைட் பண்ணிப் பார்த்தேன், சுத்திக்கிட்டே இருக்கு” என்றான். அந்தச் சைக்கிளில்தான் தினமும் பள்ளிக்குப் போகிறான். வழியில் ஒரு மேம்பாலச் சரிவு வேறு.

டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் என்ற பாகம், பின்சக்கரத்துக்கு அருகே இரண்டு குழாய்கள் கூடும் முக்கோணத்துக்குள் இருந்தது. அதைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை இரண்டே இரண்டு எம்6 போல்ட்டுகள். முன் போல்ட்டுக்குக் கை போகும். பின் போல்ட்டுக்கு மேலே சாய்ந்த குழாய், ஒரு பக்கம் பிரேக் தட்டும் கம்பிகளும். பின் போல்ட் தளர்ந்திருந்தது. அதன் குழியில் மூன்று மூலைகள் மழுங்கியிருந்தன.

எந்தக் கீயைப் பயன்படுத்தினாய் என்று கேட்டேன். பையில் இருந்து எடுத்துக் காட்டினான். அவன் தாத்தா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியில் இருந்தது. அருமையான எஃகு, இன்னும் துருப்பிடிக்கவில்லை. அதன் பக்கவாட்டில் 3/16 என்று பொறித்திருந்தது. அங்குல அளவு! பிரிட்டிஷ் கடற்படைத் தளமாக இருந்த இடத்தில் அங்குலக் கருவிகள் இருந்ததில் வியப்பில்லை. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர். அந்த போல்ட்டின் குழி 5 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். கையில் செருகிப் பார்த்தால் பொருந்துவதுபோலவே இருக்கும். அதற்குமேல் குழிக்குள் காய்ந்த மண் வேறு. கீ 2 மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை.

அங்குலமும் மில்லிமீட்டரும் சில அளவுகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 5/32 அங்குலமும் 4 மில்லிமீட்டரும் அப்படி; 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் அப்படி. அவற்றை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் அந்தத் துணிச்சல் வேண்டாம். வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் வெவ்வேறு பையில் வையுங்கள்.

மழுங்கிய போல்ட்டை எடுக்க, நட்சத்திர முனை உள்ள டி30 பிட்டை அதன் குழியில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கினேன். 5 மில்லிமீட்டர் குழிக்குள் அது இறுக்கமாகக் கடித்துக்கொள்ளும். 4 மில்லிமீட்டர் குழிக்கு டி25. போல்ட் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் எளிதாகக் கழன்றது. துருவேறிய போல்ட்டாக இருந்தால் வழக்கமாக எண்ணெய் தெளித்து ஊறவிடுவோம். பிரேக் அருகே அதைச் செய்யவே கூடாது. ஒரு துளி எண்ணெய் தட்டிலோ கட்டையிலோ பட்டால் பிரேக் பிடிக்காமல் போகும்.

அதே நீளத்தில் புது போல்ட் வாங்கிவந்தோம். இனிமேல்தான் உண்மையான சிக்கல். சக்கரத்தைக் கழற்றிவிட்டால் தாராளமாக இடம் கிடைக்கும். எட்டாத போல்ட் எதுவானாலும், வழியில் நிற்பதைக் கழற்ற முடியுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பத்து நிமிடச் சோம்பலில்தான் பாதி போல்ட்டுகள் பாழாகின்றன. ஆனால் காலிப்பரைச் சக்கரம் இருக்கும்போதுதான் சரியாக நிறுத்த முடியும். இரண்டு போல்ட்டுகளையும் லேசாகத் தளர்த்தி வைத்து, பிரேக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால் காலிப்பர் தானாகத் தட்டுக்கு நடுவே வந்து உட்காரும். அழுத்திய பிடியை விடாமல் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். சக்கரம் இருக்கும்போது பின் போல்ட்டில் கீயைத் திருப்பக் கிடைத்த இடம் 60 பாகையை எட்டவில்லை.

பையன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டான். உருண்டை முனையைக் குழாயைச் சுற்றிச் சாய்வாக விட்டு போல்ட்டைத் தலை பதியும்வரை ஓட்டினேன். பிறகு தட்டை ராட்செட்டில் 5 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, நேராக, அடிவரை இறக்கி, முன் போல்ட்டைக் கொஞ்சம், பின் போல்ட்டைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் காலிப்பர் நகர்ந்துவிடும். இந்த போல்ட்டுகளுக்கு ஷிமானோ சொல்லும் அளவு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். மேலே போட்ட கணக்கு இதற்கானதுதான்.

வாங்கும்போது

பெரிய பெட்டியில் முப்பது கீகள் வேண்டாம். சைக்கிளுக்கும் பள்ளிப் பட்டறைக்கும் 2.5, 3, 4, 5, 6, 8 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஒரு பக்கம் நேர் முனையும் மறுபக்கம் உருண்டை முனையும் உள்ள நீளமான தொகுதியாக வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்துக் கருவிக் கடைகளில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். பார்க்க வேண்டியது முனையைத்தான்: ஆறு விளிம்புகளும் கூர்மையாக, வெட்டிய முகம் தட்டையாக இருக்க வேண்டும். குரோம் வெனேடியம் அல்லது எஸ்2 என்று எஃகின் வகையைப் பொறித்திருப்பார்கள். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மடக்குக் கத்திபோல் பல கீகள் ஒன்றாக மடங்கும் கருவி, வழியில் அவசரத்துக்கு நல்லது. அதன் பருத்த உடல் ஒடுக்கமான இடத்துக்குள் நுழையாது. நேர் முனை மழுங்கிவிட்ட கீயைத் தூக்கிப் போடாதீர்கள். முனையில் 2 மில்லிமீட்டரைக் கிரைண்டரில் சீவினால் மறுபடி புதிதுபோல் ஆகிவிடும்.

போல்ட்டின் பருமனைப் பார்த்துக் கீயை ஊகிக்கக் கூடாது. எம்6 மரை உள்ள போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உருளைத் தலை இருந்தால் 5 மில்லிமீட்டர் கீ, குவிந்த பொத்தான் தலை இருந்தால் 4 மில்லிமீட்டர், தலையே இல்லாத செட் ஸ்க்ரூ என்றால் 3 மில்லிமீட்டர். மரை ஒன்றுதான், ஆனால் குழி சிறுத்துக்கொண்டே போகிறது. பொத்தான் தலை பார்க்க அழகாக இருக்கிறது என்று பள்ளித் திட்டப்பணிகளில் எல்லாரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகம் கழற்றிப் பூட்ட வேண்டிய இடத்தில், அதுவும் கை எட்டாத இடத்தில், அதை வைக்காதீர்கள்.

செருகும் முன் குழியைத் துடையுங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடிய சைக்கிளில் மணல் இல்லாத குழியே இருக்காது. குண்டூசியோ பல் குத்தும் குச்சியோ போதும். தெரியாத இடத்தில் இருக்கும் குழியைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அறுகோணம் என்று நினைத்தது சில நேரம் நட்சத்திரமாக இருக்கும்.

திசை இன்னொரு பொறி. பின்பக்கமாகக் கையை விட்டுத் திருகும்போது வலமும் இடமும் மாறிவிடும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டு திசையை முடிவுசெய்யுங்கள். சைக்கிளின் இடப்பக்க மிதியின் மரை மட்டும் தலைகீழ். அதிலும் சில மிதிகளில் ஆலன் குழி உள்பக்கம், சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும். “கழலவே மாட்டேங்குது” என்று கொண்டுவரப்படும் மிதிகளில் பலவற்றை அதுவரை இறுக்கிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

இறுக்கி முடித்ததும் எங்கள் ஆலையில் ஒரு வேலை செய்வோம். போல்ட்டின் தலையில் தொடங்கி, அது பிடித்திருக்கும் பாகத்தின்மேல் முடியும்படி, பெயிண்ட் பேனாவால் ஒரு நேர்கோடு. போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு இரண்டாக உடைந்து தெரியும். கீயை மறுபடி அந்த ஒடுக்கத்துக்குள் நுழைத்துச் சோதிக்க வேண்டியதில்லை. குனிந்து ஒரு பார்வை போதும். பையனின் காலிப்பரிலும் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தேன். மழையில் கரையாத பேனாவாகப் பார்த்து வாங்க வேண்டும்.